கல்லறையில் மட்டும் பேசும் பிரெஞ்சு

"அந்த அத்தியாயத்தத் தூக்கிருங்க மிஸ். பேசுறவங்க கோசோங்னு நீங்களே ஃபார்ம்ல எழுதியிருக்கீங்க. அப்புறம் என்ன பிரெஞ்சு சமூகம்?" என்றார், புத்தகத்தைத் தொகுக்கும் எங்கள் துறைத்தலைவர்.

ஆமாம், பூஜ்யம் என்று எழுதியது நான்தான். பிரெஞ்சு பேசும் சிறுபான்மையினரின் வரலாறு என் தொழில். காரைக்காலிலிருந்து மலேசியாவின் மலாக்கா தோட்டங்களுக்குக் கிராணி, அதாவது எழுத்தர் வேலைக்கு வந்த கிறிஸ்தவக் குடும்பங்களைத் தேடி வீடு வீடாகப் போனேன். ரிக்கார்டரை மேசையில் வைத்து, "பிரெஞ்சு பேசுவீங்களா?" என்று கேட்டேன். எல்லோரும் இல்லை என்றார்கள்.

செலண்டாரில் லாரி ஆபீஸில் வேலை பார்த்த ஸ்டெல்லா அக்கா மட்டும் இல்லை என்று சொல்லிவிட்டு, "கல்லறைத் திருநாளுக்கு வாங்க" என்றார். உபசாரப் பேச்சு என்று நினைத்து நோட்டில்கூடக் குறிக்கவில்லை. தலைவர் வெட்டச் சொன்ன அதே வாரம் அந்தத் திருநாள் வந்தது. இருந்த கோபத்தில் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

செம்பனை மரங்களுக்கு நடுவே சின்னக் கல்லறைத் தோட்டம். மெழுகுவத்தி ஏற்றிய கையோடு அக்கா பிரெஞ்சில் ஜெபம் தொடங்கினார். கூட இருந்த இருபது பேரும் சேர்ந்துகொண்டார்கள். முடிந்ததும் ஆளுக்கொரு கல்லறைப் பக்கம் போய்ப் பேச ஆரம்பித்தார்கள். அக்கா தன் அப்பாவிடம், மகளுக்கு ஜொகூரில் வேலை கிடைத்ததைப் பிரெஞ்சிலேயே சொன்னார்.

"தெரியாதுன்னு சொன்னீங்களேக்கா?"

"வீட்ல வச்சுல்ல கேட்டீங்க. இது செத்தவங்ககிட்ட பேசுற பாஷைலா. வீட்டுக்குள்ள பேசினா சாவு விழும். அதான் இங்க வரச் சொன்னேன்."

எனக்கு வெட்கமாக இருந்தது. ஆபீஸில் தலைவருக்குப் போட்டுக்காட்டப் பதிவு செய்யலாமா என்று கேட்டேன்.

"வேணாம். உங்க ஆபீஸும் ஒரு வீடு மாதிரிதானே. கேக்கணும்னா அவர இங்க வரச் சொல்லுங்க."

மறுநாள் நடந்ததைச் சொன்னதும் தலைவர் முதலில் கேட்டது ரிக்கார்டிங்கைத்தான்.

"இல்ல சார். அடுத்த திருநாளுக்கு வாங்க, நான் கூட்டிட்டுப் போறேன்."

"கல்லறையில பேசுறதெல்லாம் கணக்குல வராது மிஸ்."

"அப்ப இந்தப் புத்தகத்துல என் பேரும் வராது சார்."

ஒரு மாதம் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் இறங்கிப் போகவில்லை. கடைசியில் அத்தியாயம் அப்படியே அச்சுக்குப் போனது.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன்: ஒருவருக்கு ஒரு மொழி தெரியுமா என்று கேட்குமுன், எங்கே நின்று கேட்கிறீர்கள் என்று பாருங்கள். நான் ஃபார்மை மாற்றி எழுதினேன். பேசுகிறவர்கள், இருபத்தொரு பேர். யாரோடு பேசுகிறார்கள் என்ற கட்டத்தில், அந்தத் தோட்டத்துக் கல்லறைகளை ஒவ்வொன்றாக எண்ணி எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.