புளியமரத்துக்கு அந்தப் பக்கம்

காரியம் இல்லாமல் நடக்கிற மனிதர்கள் உண்டு என்று வீராயியிடம் சொல்லிப் பாருங்கள், உங்களை ஏற இறங்கப் பார்ப்பாள். தோளில் மண்வெட்டி இருக்க வேண்டும், இல்லை இடுப்பில் குடம் இருக்க வேண்டும், ஒன்றுமில்லாவிட்டால் முன்னால் ஒரு ஆடாவது போக வேண்டும். கையை வீசிக்கொண்டு, மரத்தையும் வானத்தையும் பார்த்துக்கொண்டு ஒருவர் நடந்தால் அவர் எதையோ பறித்துக்கொண்டு போக வந்திருக்கிறார் என்பது அவள் தீர்மானம்.

அவளைக் குறை சொல்லவும் முடியாது. தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்த குடும்பம். அவளும் புருஷன் சாமிக்கண்ணுவும் நாயாய்ப் பாடுபட்டு, சொந்தம் என்று முதன்முதலாக ஒரு ஏக்கர் கொல்லை வாங்கினார்கள். ஒரு நாள் காலையில் சட்டை கசங்காத இரண்டு பேர் அந்த வழியாக வந்தார்கள். "சும்மா காத்தாட நடந்து பாக்கிறோம்மா" என்றார்கள். வீராயி மோர் கரைத்துக் கொடுத்தாள். குடித்துவிட்டு, வரப்பில் நின்ற வேலமரத்தில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிட்டுப் போனார்கள். அதிலிருந்து எட்டாம் மாதம், சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்கு நிலம் எடுக்கிறோம் என்று நோட்டீஸ் வந்தது. இன்றைக்கு அந்தக் கொல்லை எட்டிப் பார்த்தால் தலை சுற்றுகிற பள்ளம். "மோர வேற ஊத்திக் குடுத்தேனே, என் புத்தியச் செருப்பால அடிக்க" என்று பதினெட்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

கிடைத்ததை வைத்து அரியலூர் டவுனுக்கு வெளியே, ஏரி வாய்க்கால் ஓரத்தில் அறுபது சென்ட் வாங்கினார்கள். சாமிக்கண்ணு போய்ச் சேர்ந்துவிட்டான். வீராயியும் நாலு ஆடும் மக்காச்சோளமும்தான் மிச்சம். எதிர்ப்பக்கம் புதுசு புதுசாக நகர் முளைத்து, பச்சையும் ஊதாவுமாக வீடுகள் வந்துவிட்டன. அங்கிருந்து காலையில் நடக்க வருகிறவர்கள் ஏரிக்கரையோடு திரும்பிவிடுவார்கள். வாய்க்கால் கரைப் பக்கம் யாரும் வருவதில்லை. நல்ல இடம்தான் அது. வரிசையாக மரங்கள், நிழல், எங்கேயோ ஒரு மயில் கத்தும், மற்றபடி சத்தமே இருக்காது. அந்த அமைதியை வைத்துத்தான் வீராயி நிம்மதியாகத் தூங்கினாள்.

புரட்டாசியில் ஒரு அம்மாள் வந்தார். ஐம்பத்தைந்து வயசு இருக்கும். கையில் ஒரு கம்பு. இடது காலை இழுத்து இழுத்து நடை. ஒவ்வொரு எட்டுக்கும் உதடு அசைந்தது. ஆடு மேய்க்கிற சாக்கில் வீராயி கொஞ்சம் நெருங்கிப் போய்க் காதைத் தீட்டினாள். "நூத்திப் பதினேழு... நூத்திப் பதினெட்டு..."

வீராயிக்குப் புரிந்துவிட்டது. எட்டுப் போட்டு அளக்கிறார்கள்! கால் விளங்காத பொம்பளையை அனுப்பினால் யாருக்குச் சந்தேகம் வரும்? எமகாதகப் பயல்கள்தான்.

போதாக்குறைக்கு மதகுக் கட்டையில் ஒரு ஆள் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் திரும்பி வந்ததும் இருவரும் சேர்ந்து நகருக்குள் போனார்கள். அந்த ஆள் மேலதிகாரி, அம்மாள் கையாள் என்று வீராயி கணக்குப் போட்டாள். ஒரு நாள் அந்த அம்மாள் கருவேலங்கிளையில் தொங்கிய தூக்கணாங்குருவிக் கூட்டை வெகுநேரம் அண்ணாந்து பார்த்தார். குருவிக் கூட்டை யாராவது அவ்வளவு நேரம் பார்ப்பார்களா? அவர் போன பிறகு வீராயியும் அதே இடத்தில் நின்று கழுத்து வலிக்கப் பார்த்தாள். கூடு ஆடியது, குருவி வந்தது, போனது. வேறு ஒரு மண்ணும் தெரியவில்லை.

நாலாம் நாள் அந்த அம்மாள் இடுப்பிலிருந்து ஒரு துணியை எடுத்து வேப்பமரத்தில் கட்டினார். சிவப்புத் துணி.

அடுத்த நாள் துணி வேம்பிலிருந்து புங்கமரத்துக்குப் போனது. இரண்டு நாள் கழித்துப் பனைமரம். அதற்கப்புறம் புளியமரம். புளியமரத்துக்கு அந்தப் பக்கம் வீராயியின் கொல்லை.

அவிழ்த்து வாய்க்காலில் எறிந்திருப்பாள். ஆனால் எறிந்தால் உஷாராகிவிடுவார்கள், வேறு துணி வரும். எல்லையைக் கொஞ்சம் பின்னால் தள்ளிவிட்டால் அளவு குழம்பிப்போகும். உச்சி வெயிலில், சுற்றிலும் ஒருமுறை பார்த்துவிட்டு, புளியமரத்துத் துணியை அவிழ்த்துப் பனைமரத்தில் கட்டினாள். மறுநாள் அந்த அம்மாள் பனைமரத்தடியில் வந்து திகைத்து நின்றதைச் சோளத்துக்குள் ஒளிந்து பார்த்தாள். துணியைத் தொட்டார். புளியமரத்தைப் பார்த்தார். நெற்றியைப் பிடித்துக்கொண்டார். பிறகு மெல்ல நடந்துபோய் மறுபடியும் புளியமரத்திலேயே கட்டினார். வீராயி மறுபடியும் அவிழ்த்தாள். இப்படி நாலு நாள்.

ஐந்தாம் நாள் யாரும் வரவில்லை. ஆறாம் நாளும் இல்லை. "எங்கிட்டயா?" என்று வீராயி ஆடுகளிடம் பீற்றிக்கொண்டாள்.

பத்தாம் நாள் மதகில் உட்கார்ந்திருந்த ஆள் மட்டும் வந்து துணியை அவிழ்த்தார். வீராயியால் பொறுக்க முடியவில்லை.

"என்னா சார், அளந்து முடிச்சாச்சா?"

"எதைம்மா?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க. தெனமும் துணி கட்டுனீங்களே."

அவர் துணியைக் கையில் சுருட்டிக்கொண்டே சொன்னார். பெயர் அறிவழகன். மனைவி கலையரசி, பெரம்பலூர்ப் பக்கம் பள்ளிக்கூட டீச்சர். ஆடி மாசம் வகுப்பில் நிற்கும்போதே இடது பக்கம் இழுத்துக்கொண்டது. துணையில்லாமல், எட்டுகளை எண்ணிக்கொண்டு நடக்கணும், எதுவரைக்கும் போனோம் என்று அடையாளம் வைத்து மறுநாள் அதைத் தாண்டணும் என்பது டாக்டர் சொன்ன பயிற்சி.

"கால் தேறிக்கிட்டுதான் வந்துச்சும்மா. திடீர்னு, தான் புளியமரத்துல கட்டுன துணி பனைமரத்துல இருக்குங்கறா. நாலு நாளும் அதே கதை. நான் மதகுலயே உக்காந்திருந்தேன், எனக்கென்ன தெரியும்? மூளையும் போயிடுச்சுன்னு முடிவு பண்ணிட்டா. இப்ப வாசல் தாண்ட மாட்டேங்கறா." அவர் துணியைப் பைக்குள் திணித்தார். "நாளைக்குத் திருச்சிக்குக் கூட்டிட்டுப் போறேன். ஸ்கேன் எடுக்கணும்."

நாலு நாளும் துணியை மாற்றிக் கட்டியது வீராயியின் கைதான். ஆனாலும் பாருங்கள், பதினெட்டு வருஷத்துச் சந்தேகம் ஒரு நிமிஷத்தில் விடுமா? இந்த ஆள் வாயைப் பிடுங்கப் பார்க்கிறானோ என்றது மனசு. அவர் பின்னாலேயே நடந்தாள். அவர் திரும்பிப் பார்த்தபோது, "அம்மாவ ஒரு எட்டு பாத்துட்டுப் போறேங்க" என்றாள்.

கேட்டைத் திறக்கும்போதே அந்தக் குரல் கேட்டது. கலையரசி போர்ட்டிகோவில் நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, வகுப்புப் பிள்ளைகளின் பெயர்களை ஒப்பித்துக்கொண்டிருந்தார். "அம்சவள்ளி, அறிவரசன், சிந்தாமணி, சிவரஞ்சனி..." நின்றார். விரலை மடக்கினார். அடுத்த பெயர் வரவில்லை. மறுபடியும் அம்சவள்ளியிலிருந்து ஆரம்பித்தார். முகமெல்லாம் வேர்த்திருந்தது. இது நடிப்பில்லை.

"டீச்சரம்மா" என்றாள் வீராயி. "துணிய மாத்திக் கட்டுனது நாந்தான்."

கலையரசி கண்ணைத் திறந்தார்.

"புளியமரத்துல நீங்க கட்டுவீங்க. நான் அவுத்துப் பனைமரத்துல கட்டிருவேன். எங் கொல்லைய எடுக்கத்தான் அளக்குறீங்கன்னு நெனச்சுட்டேன்."

"அறிவிருக்கா உனக்கு?" அறிவழகன் கத்தினார். "ஒரு வாரமா ஒழுங்கா ஒரு வாய் சோறு சாப்பிடலை அவ!"

வீராயி தலையைக் குனிந்துகொண்டாள். அடித்தால்கூட வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று நின்றாள். கலையரசி கையை உயர்த்திப் புருஷனை நிறுத்தினார். துணியைப் பற்றி அவர் கேட்கவே இல்லை.

"அப்ப நான் புளியமரம் வரைக்கும் போனேனா?"

"போனீங்க."

"நிஜமாவா?"

"எங்கண்ணால பாத்தேங்க. மொத மொதல்ல அங்க துணி கட்டுன அன்னைக்கு மரத்தையும் தாண்டிப் பன்னண்டு எட்டு வச்சீங்க. நானும் கூடவே எண்ணுனேன். அப்பறம் திரும்பி வந்து மரத்துல சாஞ்சுக்கிட்டு அழுதீங்க."

கலையரசி நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஆமா, அழுதேன்" என்றார். "சந்தோசத்துல அழுதேன். அது எனக்கு ஞாபகம் இருக்கு. நடக்காததையெல்லாம் நடந்ததா நெனச்சுக்கிறேன்னு பயந்துபோயிட்டேன்."

அறிவழகன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

"நீங்க அதை அவுத்திருக்கக் கூடாது" என்றார் கலையரசி.

"கூடாதுங்க."

"உக்காருங்க. எத்தனை எட்டுன்னு சொன்னீங்க?"

"பன்னண்டுங்க."

"மறுபடியும் சொல்லுங்க. மொதல் நாள்லேருந்து சொல்லுங்க."

வீராயி தரையில் உட்கார்ந்தாள். முதல் நாள் வேப்பமரத்துக்கு முன்னாலேயே மூச்சு வாங்க நின்றது, இரண்டாம் நாள் கம்பு நழுவி விழுந்ததும் குனிந்து எடுத்தது என்று ஒன்று விடாமல் சொன்னாள். எல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது. கலையரசி கேட்கக் கேட்க, அதை முதலிலிருந்து இன்னொரு தடவையும் சொன்னாள்.