ஆற்றுக்கு அப்பால் விழுந்த சொட்டு

என் மாமா வரைபடங்களுக்கு வண்ணம் பூசுகிறவர். அரசு வரைபடக் கூடத்தில் இருபத்தேழு வருடமாக அதே முக்காலி, அதே ஜன்னல். கோடுகளையும் பெயர்களையும் இயந்திரம் கறுப்பில் அச்சடித்துத் தள்ளிவிடும். அலுவலகச் சுவர்களில் மாட்டும் பெரிய படங்களுக்கு மட்டும் நிறத்தைக் கையால் ஏற்ற வேண்டும். நம் நாட்டுக்குச் செங்கல் நிறம். மாமாவின் சுண்டுவிரல் நகத்துக்கடியில் அது எப்போதும் ஒட்டிக்கொண்டிருக்கும்.

"நம்ம நாடு என் நகத்துக்குள்ளதான் இருக்கு" என்று பெருமையடிப்பார்.

"முதல்ல கையைக் கழுவிட்டு வாங்க, நாட்டை அப்புறம் பாத்துக்கலாம்" என்பாள் அத்தை.

கல்லூரியில் படிக்க ஊரிலிருந்து வந்த நான் அவர்கள் வீட்டில்தான் தங்கினேன். எங்கள் வம்சத்திலேயே கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். எடுத்த பாடம் வரலாறு. வீட்டில் இரண்டே அறை. ஒன்று மாமாவுக்கும் அத்தைக்கும். மற்றது எனக்கும் அவர்களுடைய ஒரே மகனுக்கும். என்னைவிட ஒரு வயது மூத்தவன். ஊருக்கெல்லாம் அவன் நெட்டையன், எனக்கு மச்சான். படுத்தால் கட்டிலைத் தாண்டிக் கால் நீட்டிக்கொண்டிருக்கும். அவனுக்கு எந்தக் கால்சட்டை வாங்கினாலும் அத்தை அடிமடிப்பைப் பிரித்து இறக்கித் தைத்தாக வேண்டும்.

வரைபடக் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. வண்ணம் தவறி ஒரு சொட்டு விழுந்துவிட்டால் துடைக்கக் கூடாது. துடைத்தால் காகிதத்தின் தோல் உரிந்து திட்டுத் திட்டாகத் தெரியும். ஈரம் காய்வதற்குள் அந்தச் சொட்டைத் தூரிகையால் அடுத்த கோடு வரை இழுத்துவிட வேண்டும். பார்க்கிறவனுக்கு அது அங்கேயே இருந்ததுபோல் இருக்கும். பெரும்பாலும் இப்படி விழுவது கடலோரத்தில்தான். ஒரு மணல்திட்டு கூடினால் யார் கேட்கப் போகிறார்கள்?

நான் முதலாண்டு படித்தபோது ஒரு மதியம் மச்சான் சாப்பாட்டுத் தூக்கோடு கூடத்துக்குள் ஓடிவந்தான். பட்டாளத்தில் எடுத்துவிட்டார்கள் என்பது சேதி. வந்த வேகத்தில் படங்களைக் காயப்போட்டிருந்த கயிற்றில் தலை மாட்டியது. கயிறு அறுந்து ஏழெட்டுப் படங்கள் மாமாவின் முதுகில் விழுந்தன.

"எரும மாடே! குனிஞ்சு வாடான்னு எத்தனை தடவை சொல்றது?"

"இனிமே குனிய வேணாம்ப்பா. பட்டாளத்துல நிமிர்ந்துதான் நிக்கணும்."

கூடமே சிரித்தது. மாமாவும் சிரித்தார். சிரித்து முடித்துக் குனிந்தபோதுதான் பார்த்தார்: எல்லை ஆற்றுக்கு அப்பால், அடுத்த நாட்டுப் பள்ளத்தாக்கில் ஒரு செங்கல் சொட்டு. அடுத்த கோடு மலை முகடு. வழக்கப்படி அதுவரை இழுத்துவிட்டார். கட்டைவிரல் அகலம்கூட இல்லை.

எட்டு மாதம் கழித்து அந்தப் படம் செய்தித்தாளில் வந்தது. பெரிய கூட்ட அறையில் ஓர் அமைச்சர் பிரம்பால் அதே இடத்தைத் தொட்டுக்கொண்டு நின்றார். 'நமது பள்ளத்தாக்கை மீட்போம்' என்று தலைப்பு. மாமா செய்தித்தாளை நாலாக மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். அத்தை அடுப்படிக்குப் போனதும் என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

"இது என் படம்டா. அந்த இடம் நான் இழுத்தது."

"போய்ச் சொல்லிடுங்க மாமா."

"சொன்னா வேலை போகும். இவங்க சும்மா மேடைக்குப் பேசுறாங்க. ஒரு சொட்டுக்கா பட்டாளம் அனுப்புவாங்க?"

அனுப்பினார்கள். மச்சானின் பிரிவும் போனது. ரயில் நிலையத்தில் மாலைகளும் வாத்தியமுமாக ஒரே அமர்க்களம். பெட்டி வாசலில் மச்சான் மறுபடியும் தலையை இடித்துக்கொண்டான். எல்லோரும் சிரித்தார்கள். மாமா மட்டும் அவன் நெற்றியைத் தேய்த்துவிட்டு, கையை எடுக்காமல் ரயிலோடு கொஞ்ச தூரம் நடந்தார்.

அவனிடமிருந்து வந்தது ஒரே கடிதம். அத்தைக்காக நான்தான் படித்துக் காட்டினேன்.

"அப்பா, இங்க எதுவும் செங்கல் கலர்ல இல்ல. மலை கறுப்பு, ஆத்துத் தண்ணியும் கறுப்பு. எங்களைப் பாத்தா ஜனங்க கதவைச் சாத்திக்கிறாங்க. சுரங்கத்துக்கு வழி வேணும்னு நாப்பது வீட்டைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. கதவுங்களைக் கழட்டி வண்டியில ஏத்துற வேலை எனக்கு. கதவோட மேல் கீல் எனக்குத்தானே எட்டும். அம்மா, கால்சட்டை இங்கயும் குட்டைதான்."

அத்தை சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். கடைசி நாலு வரியை நான் வாய்விட்டுப் படிக்கவில்லை. மாமாவிடம் தனியாகக் கொடுத்தேன்.

"ஒரு பெரியவர், என் வீட்டுல உனக்கு என்ன வேலைன்னு கேட்டாரு. படத்துல இது எங்க இடம்னு சொன்னேன். யாரு போட்ட படம்னு கேட்டாரு. எங்கப்பான்னு வாய் வரைக்கும் வந்துச்சு. சொல்லல."

இருபது நாள் கழித்துச் சுரங்க வழியில் வெடி வைத்தார்கள், வீட்டை இழந்தவர்கள். மச்சான் திரும்பவில்லை. வந்தது அவனுடைய தகரப் பெட்டி. அதிலிருந்த இரண்டு கால்சட்டைகளின் அடிமடிப்பை அத்தை உட்கார்ந்து பிரித்தாள். இறக்கித் தைத்தாள். தேய்த்து மடித்து வைத்தாள். யாரும் தடுக்கவில்லை.

எனக்கு இறுதித் தேர்வு வந்தது. ஒரு கேள்வி: 'அப்பள்ளத்தாக்கு தொன்றுதொட்டு நம் நாட்டின் பகுதியே என்பதை நிறுவுக.' நான் நாலு பக்கம் எழுதினேன். பாடப் புத்தகத்தில் இருந்தது அத்தனையும் எழுதினேன். வகுப்பிலேயே அதிக மதிப்பெண் எனக்கு. ஊரில் அப்பா வீடு வீடாகப் போய்ச் சொல்லியிருக்கிறார்.

திருத்தி வந்த விடைத்தாளை மாமா கேட்டு வாங்கிப் படித்தார்.

"தொன்றுதொட்டா?"

"புத்தகத்துல அப்படித்தான் மாமா இருக்கு."

"போன வருஷத்துக்கு முந்தின வருஷம், சாப்பாட்டு நேரத்துல விழுந்த சொட்டுடா அது. அவன் கண்ணு முன்னாலதான் இழுத்தேன்." என்னைத் திட்டவில்லை. விடைத்தாளை ஒழுங்காக மடித்துக் கையில் கொடுத்தார். "கூட வா. சொல்லிட்டு வந்துடுவோம்."

கூடத்துக் கண்காணிப்பாளரின் அறையில் மாமா நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். "என் கை தவறினதால வந்த சண்டை சார் இது. என் புள்ளையை நானே அனுப்பிட்டேன். என்ன தண்டனை வேணா குடுங்க. ஆனா அந்தப் படத்தைத் திருத்திடுங்க."

கண்காணிப்பாளர் அவரை உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுத்தார். பிறகு அலமாரியிலிருந்து ஒரு தாளை எடுத்துப் பிரித்தார். ஆற்றைத் தாண்டிப் பள்ளத்தாக்குக்குள் போகும் ரயில் பாதை, பென்சிலில். சுரங்கங்களுக்குக் குறுக்குக் கோடுகள். மூலையில் தேதி. சொட்டு விழுவதற்கு நாலு வருடம் முந்தையது.

"அங்க நிலக்கரி இருக்குங்க. நம்ம ஆலைங்களுக்குக் கரி பத்தல. பெரிய நாடுன்னு சொல்லிக்கிற ஆசை வேற. எப்ப போகலாம்னுதான் காத்துக்கிட்டிருந்தாங்க. உங்க படம் இல்லன்னா வேற ஒரு படம். மனசைப் போட்டு உழப்பிக்காதீங்க. உங்க மேல தப்பே இல்ல."

ஆறுதலாகத்தான் சொன்னார். மாமா அந்தத் தேதியையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார்.

"என் கையாலதான் போனான்னு இருந்தேன்டா. அதையாவது வச்சுக்கிட்டு இருந்தேன். அதுவும் என்னுது இல்லையாம்."

நான் பட்டதாரி. அவர் மடித்துக் கொடுத்த விடைத்தாளோடு பக்கத்தில் உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார். "அண்ணே, உங்க பலகையில படம் பாதி ஈரமா நிக்குது. காஞ்சா நடுவுல தழும்பு விழுந்துடும்."

மாமா எழுந்தார். முக்காலியில் உட்கார்ந்தார். இப்போதைய படங்களில் ஆற்றுக்கு அப்பால் மலை முகட்டில் எல்லைக் கோடு அச்சிலேயே வருகிறது, சொட்டுக்கு வேலையில்லை. படத்தின் ஓரத்தை நான் பிடித்துக்கொண்டேன். தூரிகையை நனைத்து, ஈரம் நின்றிருந்த இடத்திலிருந்து பள்ளத்தாக்கின் கடைசி முனைவரை கையை எடுக்காமல் இழுத்தார்.