மெயின் அருவியில் வாங்கிய கையெழுத்து

ஃபீஸ் செக்‌ஷனில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். அட்மிஷன் அன்று எல்லோரும் நம்மைப் பார்த்துச் சிரிப்பார்கள். ஒரு பிள்ளை படிப்பை விட்டு விலக வரும்போதுதான் நம் வேலை ஆரம்பிக்கிறது. தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் ஒரு தனியார் இன்ஜினியரிங் காலேஜில் ஃபீஸ் செக்‌ஷன் சூப்பரின்டென்டாக இருந்து ரிட்டயர் ஆனவள் நான். கோமதி மேடம் வருகிறாள் என்றால் வராந்தாவில் வழிவிடுவார்கள். கோபக்காரி என்று பேர். பேர் சரிதான்.

1. நின்னாச்சு

நல்ல சாரல் சீசன். விலகுகிறவர்களுக்கு முழு ஃபீஸும் திரும்பக் கிடைக்கும் கடைசி நாள் அன்று. மத்தியானம் டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டு வருகிறேன், என் மேஜைக்கு முன்னால் குத்துக்கல்வலசை மாடசாமி அண்ணாச்சி நிற்கிறார். ஆட்டோ ஓட்டுகிறவர். பக்கத்தில் முதல் வருஷம் படிக்கும் மகள் இசக்கியம்மாள். அவர் கையில் ஒரு மஞ்சப்பை.

"மேடம், பிள்ளைக்கு சர்க்கார் விவசாயக் காலேஜ்ல சீட்டு கெடச்சிட்டு. நாளைக்குப் போய்ச் சேரணும். ரீபண்ட வாங்கிட்டுப் போலாம்னு வந்தோம்."

"விலகுறோம்னு லெட்டர் குடுத்தீங்களா?"

"அது எதுக்கு மேடம்? பிள்ளதான் ஒரு வாரமா காலேஜுக்கே வரலையே. நின்னாச்சு."

இதைக் கேட்காத வருஷம் கிடையாது. வராமல் இருந்தால் விலகியதாக அர்த்தம் என்று ஊரில் பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

"அண்ணாச்சி, வராட்டி அதுக்குப் பேர் ஆப்சென்ட். பிரின்சிபால் கையெழுத்துப் போட்டு, லெட்டர்ல என்னைக்கு சீல் விழுதோ, அன்னைக்குத்தான் விலகினதாக் கணக்கு."

"சரி, லெட்டர் குடுத்துருதோம். பணத்த இதுல போட்டுருங்க." மஞ்சப்பையை விரித்தே காட்டிவிட்டார்.

சிஸ்டத்தில் பார்த்தேன். ஃபீஸ் முழுக்க பேங்க் எஜுகேஷன் லோன். "பணம் பேங்க்ல இருந்து நேரா எங்களுக்கு வந்துச்சு. திரும்பவும் நேரா பேங்குக்குத்தான் போகும். உங்க கைக்கு வராது."

அண்ணாச்சியின் முகம் சுருங்கிவிட்டது. வாசலைத் திரும்பிப் பார்த்தார். அங்கே அவர் ஆட்டோவில் மனைவி, மாமியார், கொழுந்தியா எல்லோரும் எண்ணெய்ப் பாட்டிலும் துண்டுமாக உட்கார்ந்திருந்தார்கள். ரீபண்டை வாங்கியதும் அருவிக் குளியல், அப்புறம் ஹோட்டல் சாப்பாடு, அல்வா என்று திட்டம்.

"அப்ப அவியகிட்ட நான் என்னன்னு சொல்லுவேன்?" என்றார்.

இசக்கியம்மாள் அப்போதுதான் வாயைத் திறந்தாள். "மேடம், இன்னைக்கு சீல் விழலேன்னா என்ன ஆவும்?"

கேட்க வேண்டிய கேள்வி அதுதான். "பாதிதாம்மா திரும்பும். மீதி அப்பா பேர்ல கடனா நிக்கும். பழைய லோன முடிக்காம புது காலேஜுக்கு பேங்க்ல லோன் தரமாட்டாங்க."

"ஹாஸ்டலுக்கு லோன நம்பித்தான் மேடம் போறேன். லோன் இல்லன்னா சீட்டு இருந்தும் போக முடியாது."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் இரண்டு அதட்டல் போட்டு அனுப்பியிருப்பேன். அழாமல் நின்றதுதான் என்னை என்னவோ செய்துவிட்டது. "உக்காந்து லெட்டர எழுது. ரெண்டு காப்பி எழுது" என்றேன்.

எழுதி முடித்தாள். பிரின்சிபால் ரூமில் பிரின்சிபால் இல்லை. "யுனிவர்சிட்டி மீட்டிங்" என்றான் அட்டெண்டர். போன் சுவிட்ச் ஆஃப். சாரல் விழுந்தால் எங்கள் பிரின்சிபாலுக்கு யுனிவர்சிட்டி மீட்டிங் வந்துவிடும். மறுநாள் காதோரம் எண்ணெய்ப் பளபளப்போடு வருவார். மீட்டிங் எப்படி சார் என்றால், "ரொம்ப ஹெவி" என்பார்.

சீலையும் இங்க் பேடையும் ஹேண்ட்பேக்கில் போட்டுக்கொண்டேன். சீல் ஆபீஸை விட்டு வெளியே போகக் கூடாது என்பது ரூல். அந்த ரூலை எழுதியவள் நான்தான்.

2. மைக்

ஆட்டோவில் ஏற்கனவே ஐந்து பேர். நான் அண்ணாச்சியின் மாமியார் மடியில் உட்காராத குறையாகக் குற்றாலம் போய்ச் சேர்ந்தேன். அல்வா கிடையாது என்று தெரிந்த அந்த அம்மாள் வழியெல்லாம் என்னையே முறைத்துக்கொண்டு வந்தார்.

மெயின் அருவியில் ஆண்கள் பக்கம் நான் போக முடியாது. அண்ணாச்சியை அனுப்பினேன்.

"ஆள் எப்படி மேடம் இருப்பாரு?"

"கோட்டு, டை, தங்க ஃபிரேம் கண்ணாடி" என்று சொல்லிவிட்டுத்தான் யோசித்தேன். அதற்குள் அவர் போய்விட்டார்.

கொஞ்ச நேரத்தில் நனைந்து திரும்பினார். "மேடம், அங்கன கோட்டு போட்டவன் ஒருத்தனும் இல்ல. எல்லாரும் ஜட்டியும் எண்ணெயுமா ஒரே மாதிரி இருக்காவ. குண்டா ஒருத்தர்ட்ட நீங்க பிரின்சிபாலான்னு கேட்டேன். ஏசிட்டாரு."

மணி ஓடிக்கொண்டிருந்தது. அருவிப் பக்கம் போலீஸ் உதவி மையத்தில் ஒரு பெண் போலீஸ் பிள்ளை மைக்கும் கையுமாக இருந்தது. "எண்ணெய் தேய்ச்சிட்டு அருவியில எறங்காதீங்கன்னு காலையில இருந்து கத்துதேன். ஒருத்தரும் கேக்க மாட்டேங்காவ" என்று தொண்டையைப் பிடித்துக்கொண்டது. விஷயத்தைச் சொன்னேன். உடனே மைக்கை எடுத்தது. பாவம், நாள் முழுக்கக் காணாமல் போன பிள்ளைகளுக்கே அறிவிப்புச் செய்து பழகிய வாய்.

"இன்ஜினியரிங் காலேஜ் பிரின்சிபால், வயது ஐம்பத்தைந்து, மாநிறம், முன் வழுக்கை, எங்கிருந்தாலும் உடனே காவல் உதவி மையத்துக்கு வரவும். பயப்பட வேண்டாம். உங்களைக் கூட்டிட்டுப் போக ஆள் வந்து காத்திருக்காங்க."

துண்டைக் கட்டிக்கொண்டு மூன்று பிரின்சிபால்கள் வந்து நின்றார்கள். மூன்றும் வேறு ஊர்க் காலேஜ். அதில் ஒருவர், "லீவு எழுதிக் குடுத்துட்டுத்தான் மேடம் வந்தேன்" என்று என்னிடம் கும்பிடு போட்டார்.

எங்கள் ஆள் வரவில்லை. வரமாட்டார். காலேஜ் முதலாளி கரஸ்பாண்டன்ட் ஆள் அனுப்பித் தேடுகிறார் என்று நினைத்து எங்காவது பதுங்கியிருப்பார். இசக்கியம்மாள் அருவித் தண்ணீர் தெறிக்காத சுவரோரமாக, லெட்டரைத் துப்பட்டாவுக்குள் வைத்துக்கொண்டு நின்றாள். எனக்கு வந்த கோபத்தில் மைக்கைப் பிடுங்கிவிட்டேன்.

"சார், நான் கோமதி பேசுறேன். கரஸ்பாண்டன்ட் வரல. ஒரு பிள்ளையோட படிப்பு போகப் போகுது சார். ஒரே ஒரு கையெழுத்துதான். நீங்க மீட்டிங் போகாத விஷயத்த நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன்."

அருவிச் சத்தத்தையும் மீறிக் கூட்டம் சிரித்தது. மசாஜ் போடுகிறவர்கள் கூட்டத்துக்குப் பின்னால் இருந்து, தலை முதல் கால் வரை எண்ணெய் வழிய ஒரு உருவம் எழுந்து வந்தது. நடையை வைத்துத்தான் அடையாளம் கண்டேன்.

3. கடலை மாவு

வந்த வேகத்தில் அவர் பேனாவை வாங்க, பேனா வழுக்கிக் கீழே விழுந்தது. லெட்டரைப் பிடிக்க, அது எண்ணெயில் ஊறிக் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. எழுதினால் பேனா எழுதவில்லை. துண்டால் துடைக்கலாம் என்றால் துண்டிலும் எண்ணெய். இருப்பது இன்னும் ஒரே ஒரு காப்பி. இசக்கியம்மாள் அதைத் துப்பட்டாவிலிருந்து எடுக்கவே பயந்தாள்.

"கொஞ்சம் பொறுங்க" என்று ஓடிய மாடசாமி அண்ணாச்சி, பஜ்ஜிக் கடையில் இருந்து இரண்டு கையிலும் கடலை மாவை அள்ளிக்கொண்டு வந்தார். பிரின்சிபால் கையைப் பிடித்து, பாத்திரம் தேய்ப்பது போலத் தேய்த்துக் கழுவிவிட்டார். எங்கள் பிரின்சிபாலின் கையைத் தொட்டுப் பேசவே லெக்சரர்கள் பயப்படுவார்கள்.

கையெழுத்துப் போடும் முன் அவர் பிள்ளையிடம் கேட்டார், "ஏம்மா, நம்ம காலேஜ் பிடிக்கலையா?"

"பிடிக்கும் சார். செடி அதைவிடப் பிடிக்கும்."

ஒரு நிமிஷம் அவளைப் பார்த்துவிட்டு, அழுத்தமாகக் கையெழுத்துப் போட்டார். போலீஸ் மேஜையிலேயே அன்றைய தேதி போட்டு சீல் வைத்தேன். மாடசாமி அண்ணாச்சி அந்த லெட்டரை மஞ்சப்பையில் வைத்துக் கட்டி என் கையில் கொடுத்தார்.

"மேடம், இனிமே நான் குளிக்கலாமா?" என்று கேட்டாள் இசக்கியம்மாள். அதற்குள் எண்ணெயோடு தயாராக நின்ற அவள் பாட்டி, தலையில் எண்ணெயை வைத்துவிட்டார். பெண் போலீஸ் பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டது. பெண்கள் பக்கம் அருவிக்குள் இசக்கியம்மாள் போட்ட கூச்சல் எனக்கு மையம் வரை கேட்டது. மஞ்சப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சந்தோஷமாக இருந்தது. வேறு என்ன சொல்ல?

மறுநாள் பேங்க் மேனேஜர், "லெட்டர்ல பஜ்ஜி வாசனை வருதே மேடம்" என்றார். முழுப் பணமும் போய்ப் பழைய லோன் முடிந்தது, புது லோன் வந்தது. பிள்ளை ஹாஸ்டலில் சேர்ந்துவிட்டாள்.

ஆகவே பிள்ளைகளே, யாராவது விலக வந்தால் ஏன் போகிறாய் என்று அப்புறம் கேளுங்கள். பணம் யார் கட்டினது, எங்கே திரும்பிப் போகும் என்று முதலில் கேளுங்கள். லெட்டரை அன்றே வாங்குங்கள். இன்னொன்று, கையெழுத்துப் போடுகிறவர் எங்கே இருக்கிறார் என்று எப்போதும் தெரிந்து வைத்திருங்கள்.

எனக்கு அந்தக் கவலை அதற்குப் பிறகு இருக்கவில்லை. அடுத்த சீசனில் இருந்து யுனிவர்சிட்டி மீட்டிங் கிளம்பும்போதெல்லாம் பிரின்சிபால் என் மேஜைப் பக்கம் வந்து, குரலைத் தாழ்த்தி, "கோமதி மேடம், இன்னைக்கு ஐந்தருவி" என்று சொல்லிவிட்டுத்தான் போவார்.