பிலோமினா கேட்ட கேள்வி

போட்டோக்கொப்பி எடுத்துச் சூடு ஆறாத தாளுக்கு ஒரு மணம் உண்டு. பக்கத்து வீட்டுப் பிள்ளை, ரியூஷனில் கொடுத்த அப்படியான தாள்களின் கட்டொன்றை மடியில் வைத்து, கேள்வியும் பதிலுமாகப் பாடமாக்கிக்கொண்டிருந்தாள். பாடத்தை வாசித்தாயா என்று கேட்டேன். தேவையில்லை அங்கிள், பதில் தந்திருக்கினம் என்றாள். அவளைக் கோபித்து என்ன பயன்?

மூன்றாம் வகுப்பில் எங்களுக்கு இது தலைகீழ். துறைமுகத்தைப் பார்த்த வகுப்பறை. சன்னலைத் திறந்தால் உப்புக்காற்றோடு கருவாட்டு மணமும் வந்துவிடும். புதிதாக வந்த ரீச்சர் முதலில் பாடத்தின் படத்தை மட்டும் காட்டுவார். ஆளுக்கொரு கேள்வி கேட்க வேண்டும். அதற்குப் பிறகுதான் புத்தகம் கைக்கு வரும்; கேட்டவரே பதிலைத் தேடி வாசிக்க வேண்டும். மீனைக் கண்ட படத்துக்கெல்லாம் நான் கேட்டது ஒன்றுதான்: குழம்போ, பொரியலோ? எந்தப் பாடத்திலும் பதில் இருக்கவில்லை. தேடித் தேடி நான் வாசிக்கப் பழகியது சாப்பாட்டு ஆசையின் புண்ணியத்தில்தான்.

பிலோமினா கடைசி வாங்கில் இருக்கிறவள். எழுத்து மண்டையில் ஏறாது என்று எல்லாரும் கைவிட்ட பிள்ளை. அந்த வருடம் கடலுக்குப் போன அவளுடைய அப்பா திரும்பி வரவில்லை. என்ன நடந்தது என்று ஒருவரும் சொல்லவில்லை. கேட்கவும் அந்தச் சண்டை நாட்களில் பயம். ஒருநாள் படத்தில் ஒருவர் தோணி தள்ளிக்கொண்டிருந்தார். அதுவரை வாய் திறக்காதவள் எழும்பிக் கேட்டாள்:

"இந்த அப்பா திரும்பி வாறவரோ ரீச்சர்?"

ரீச்சர் புத்தகத்தை அவள் கையில் கொடுத்தார். விரலை வைத்து, எழுத்தெழுத்தாகக் கூட்டி, அந்தப் பக்கம் முழுவதையும் பிலோமினா வாசித்தாள். மணி அடித்தும் நாங்கள் எழும்பவில்லை. கடைசி வரியில் அவர் மீனோடு கரைக்கு வந்தார். அவள் புத்தகத்தை மூடினாள்.

"இது வேற அப்பா."

அதற்குப் பிறகு சவர்க்காரம் சுற்றிவந்த தாளைக்கூட அவள் விடவில்லை. கேள்வியோடு வருவாள், கூட்டிக் கூட்டி வாசிப்பாள்.

அந்தத் தவணையிலேயே கல்விக் கந்தோரிலிருந்து பள்ளிக்கூடத்தைப் பார்வையிட ஓர் ஐயா வந்தார். பாடத்துக்குக் கீழே கேள்வி அச்சடித்திருக்க, பிள்ளைகளை ஏன் கேட்கவிடுகிறீர்கள் என்று எங்கள் முன்னாலேயே ரீச்சரை ஏசினார். தோணிப் பாடத்தில் நடந்ததும் அவர் காதுக்கு எட்டியிருந்தது. "நாடு கிடக்கிற கிடையில இதென்ன கதை?" என்றார். ரீச்சரைத் தோப்பூருக்கு மாற்றினார்கள். அவரிடத்துக்கு வந்த மாஸ்டர் கேள்வியையும் பதிலையும் கரும்பலகையில் எழுதிவிட்டுக் கதிரையில் கண்ணயருவார். நாங்கள் பார்த்து எழுதினோம், நல்ல புள்ளியும் வாங்கினோம். பிலோமினா எழுதாமல் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வரவேயில்லை. வீட்டு வேலைக்கு விட்டுவிட்டார்கள் என்று கேள்விப்பட்டோம்.

போன மாதம் பஸ் நிலையத்தில் அவளைக் கண்டேன். தலை நரைத்தாலும் முகம் அதேதான். என்னை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. முன்கண்ணாடிக்கு மேலே கொட்டை எழுத்தில் நிலாவெளி என்று போட்டிருந்த பஸ்ஸைக் காட்டி, "அண்ணை, இது எங்க போற பஸ்?" என்று கேட்டாள்.

சொன்னேன். அந்த ஐயா இப்போது உயிரோடு இல்லை. இருந்திருந்தால் கையைப் பிடித்து இழுத்துவந்து, அவள் கேட்டதை அவர் காதாலேயே கேட்க வைத்திருப்பேன்.