வயிற்று வருத்தம் என்று சொன்னேன்

மாசி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை, பத்தாம் வகுப்பில் படிப்பித்துக்கொண்டிருந்தபோது தொடங்கியது. அது எனக்கு வரவேண்டிய நாள் அல்ல. போன முறை நின்று பத்து நாள்கூட ஆகவில்லை. மணி அடிக்கும்வரை கதிரையில் இருந்தபடியே பாடத்தை நடத்தினேன். பிள்ளைகள் எல்லோரும் வெளியே போன பிறகுதான் எழுந்தேன். அன்றிலிருந்து எட்டு மாதம், திரும்பிப் பார்க்காமல் நான் எந்தக் கதிரையிலிருந்தும் எழுந்ததில்லை.

இதே வருத்தத்தோடு (நோயோடு) இதை வாசிக்கிறவர்களுக்கு என் பிழையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் ஒரு சொல்லை மாற்றிச் சொன்னேன். அதனால் ஐந்து மாதத்தை இழந்தேன்.

எனக்கு நாற்பத்தாறு வயது. சண்டிலிப்பாயில் கணவரோடும் அவருடைய தாயான மாமியோடும் இருக்கிறேன். பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். ஆம், விஞ்ஞானம்தான். இனப்பெருக்கப் பாடம் வரும்போது, "இதை நீங்கள் வீட்டிலை வாசியுங்கோ" என்று சொல்லி அடுத்த பாடத்துக்குத் தாவுகிற விஞ்ஞான ஆசிரியை.

எங்கள் பக்கத்தில் மாதவிடாயைத் துடக்கு என்போம். ஒரு வீட்டில் பிள்ளை பிறந்தாலும் துடக்கு, ஆள் செத்தாலும் துடக்கு. துடக்கென்றால் சாமி அறைக்கும் கோயிலுக்கும் போக முடியாது. மாதத்தில் நான்கைந்து நாள் என்றால் எப்படியோ கழிந்துவிடும். எனக்கு இருபது நாள் இருந்தது, ஐந்து நாள் நின்றது, பிறகும் வந்தது. சமையலறைக் கலண்டரில் பென்சிலால் புள்ளி வைத்து வந்தேன். சித்திரைக்குள் புள்ளி இல்லாத நாட்களைத் தேட வேண்டியிருந்தது.

"இன்னுமோ பிள்ளை?" என்று மாமி கேட்பார். அவர் கெட்டவர் அல்ல. முழங்கால் நோவோடு அவரே தினமும் சாமி விளக்கேற்றினார். "நிக்கிற வயசிலை உப்பிடித்தான் கொட்டித் தீர்த்திட்டு நிக்கும்" என்று எனக்கு ஆறுதலும் சொன்னார். நானும் அதை நம்பினேன். நம்புவது சுகமாக இருந்தது.

பங்குனியிலேயே ஒருமுறை தைரியம் வந்து தனியார் மருத்துவ நிலையம் ஒன்றுக்குத் தொலைபேசி எடுத்திருந்தேன். சனல் பண்ணுவதற்கு (விசேட வைத்தியரைப் பார்க்க நேரம் பதிவதற்கு).

"என்ன வருத்தம் அம்மா?" என்றாள் ஒரு பெண்.

நான் மூச்சை இழுத்தேன். அதற்குள் அவளே, "குரல் எங்கடை ரீச்சற்றை மாதிரிக் கிடக்கு. சயன்ஸ் ரீச்சரோ? நான் உங்களிட்டைப் படிச்சனான்!" என்றாள்.

"ஓம் பிள்ளை" என்றேன். "எனக்கு... வயித்து வருத்தம்."

"எரிவோ, குத்தோ ரீச்சர்?"

"ரெண்டும்தான்."

அவள் மிகுந்த அக்கறையோடு இரைப்பை, குடல் வைத்தியரிடம் பதிந்தாள். குருபக்தியில் முதலாவது இலக்கத்தையே தந்தாள். நானும் போய் இருந்தேன்.

அந்த வைத்தியர் என் கண் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு உடனே இரத்தம் சோதிக்க அனுப்பினார். ஹீமோகுளோபின் (இரத்தத்தின் செந்நிறப் பொருள்) மிகவும் குறைந்திருந்தது. "மாதவிடாய் எல்லாம் ஒழுங்கோ?" என்று கேட்டார். கதவு அரைவாசி திறந்திருந்தது. வெளியே வரிசையில் எங்கள் பாடசாலையின் கணித ஆசிரியர் இருந்தார். "ஓம், ஒழுங்கு" என்றேன்.

பாவம் அந்த மனிதர், என் இரத்தம் எங்கே போகிறது என்று இரைப்பைக்குள் தேடினார். எண்டொஸ்கொப்பி (வாய்வழியே குழாய் விட்டு இரைப்பையைப் பார்ப்பது) செய்தார். இரைப்பை கொஞ்சம் சிவந்திருப்பதாகச் சொன்னார். எங்கள் உறைப்புக் கறி சாப்பிடும் யாருடைய இரைப்பைதான் சிவந்திருக்காது? குளிசைகள் தந்தார். கணவரின் கம்பனிக் காப்புறுதி (காப்பீடு) ஒரு கேள்வியும் கேட்காமல் அதை ஏற்றுக்கொண்டது. கேள்வி இல்லாமல் அவர்கள் ஏற்றுக்கொண்ட ஒரே வருத்தம் எனக்கு இல்லாத வருத்தம்தான்.

ஆவணியில் நல்லூர்த் திருவிழா. தேரன்று மாமியும் கணவரும் போனார்கள். நான் வீட்டில் நின்றேன். அந்த வருடம் கொடியேறியதிலிருந்து ஒரு நாள்கூட நான் போகவில்லை. அவர்கள் திரும்பி வந்தபோது கிணற்றடியில் விழுந்து கிடந்தேனாம். கண் விழித்தபோது கணவர் என் சேலையைப் பார்த்தபடி சுவர் போல வெளுத்து நின்றார்.

"இவ்வளவு போகுதெண்டு எனக்கேன் சொல்லேல்லை?"

"துடக்கெண்டு தெரியும்தானே."

"துடக்கெண்டு தெரியும். இதெண்டு தெரியாது."

இருபது வருடம் ஒரு கூரையின் கீழ் வாழ்ந்திருக்கிறோம். அன்று எனக்கு அவரில் கோபம் வரவில்லை, என்னில்தான் வந்தது.

அப்போதும் நான் ஒரு நிபந்தனை வைத்தேன். பெண் வைத்தியர்தான் வேண்டும். நல்லூர்ப் பக்கத்தில் ஒருவர் இருந்தார். ஊர் முழுக்க அவரை "விஓஜி அம்மா" என்றது. விஓஜி என்றால் எங்கள் நாட்டில் பெண்ணோயியல், மகப்பேற்று விசேட வைத்திய நிபுணர். மென்மையாகக் கதைத்தார். இரும்புச்சத்து ஏற்றச் சொன்னார். ஸ்கான் எடுத்ததில் கருப்பையின் உட்சவ்வு (உள்பக்கத் தோல்) அளவுக்கு மீறித் தடித்திருந்தது. பயொப்சி (சிறு துண்டெடுத்து உருப்பெருக்கியில் பார்ப்பது) செய்ய வேண்டும் என்றார். அதற்குக் காப்புறுதியின் முன் அனுமதி தேவை. அவரே படிவத்தை நிரப்பிக் கையெழுத்திட்டார்.

படிவம் ஒரு கிழமையில் (வாரத்தில்) திரும்பி வந்தது. விசேட நிபுணருக்கான பதிவு இலக்கம் இல்லையாம்.

பாடசாலையில் ஆசிரியர் அறையில் இருந்து கைத்தொலைபேசியில் மருத்துவ சபையின் பதிவேட்டைத் திறந்தேன். அவருடைய பெயரை மூன்று விதமாக எழுத்துக்கூட்டித் தேடினேன். வைத்தியர்களின் பட்டியலில் இருந்தார். நிபுணர்களின் பட்டியலில் இல்லை. ஐந்து நிமிட வேலை. போவதற்கு முன்பே செய்திருக்க வேண்டிய வேலை.

கொதித்துக்கொண்டு போனேன்.

"டொக்டர், கோவிக்காதேங்கோ. நீங்கள் விஓஜியோ?"

அவர் பேனையை வைத்தார். "இல்லையம்மா. மகப்பேற்று வாட்டிலை கனகாலம் வேலை செய்தனான், அவ்வளவுதான். என்ரை பெயர்ப் பலகையிலையும் அப்பிடிப் போடேல்லை. சனம்தான் சொல்லுது."

"நீங்கள் திருத்தேல்லையே?"

"முதல் ரெண்டு வருசம் திருத்தினனான். பிறகு விட்டிட்டன். அது என்ரை பிழைதான்." கொஞ்ச நேரம் என் கோப்பைப் புரட்டினார். முதல் பக்கத்தில் இரைப்பை வைத்தியரின் துண்டுச் சீட்டு இருந்தது. "நீங்களும் வயித்து வருத்தம் எண்டுதானே எல்லாருக்கும் சொன்னனீங்கள்?"

அவர் அரசாங்க ஆஸ்பத்திரி விஓஜி ஒருவருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதி, "அவசரம்" என்ற சொல்லின் கீழே இரண்டு கோடு போட்டுத் தந்தார். "ஆம்பிளைதான். எண்டாலும் போங்கோ. உங்களுக்குத் தெரிவு செய்ய நேரமில்லை."

அந்த விஓஜி மாலையில் தனியார் நிலையத்தில் பார்ப்பவர். இம்முறை பதிவேட்டில் முதலிலேயே பார்த்தேன். பெயரும் இலக்கமும் இருந்தன. அந்த நிலையம் காப்புறுதிப் பட்டியலில் இருக்கிறதா என்றும் கேட்டேன். எல்லாம் சரி. உள்ளே போய் இருந்தேன்.

"ஒரு நாளைக்கு எத்தினை பாட் மாத்துறியள்?" என்றார் அவர். கத்தரிக்காய் என்ன விலை என்று கேட்பது போல.

சொன்னேன். சொன்ன பிறகும் கூரை என் தலையில் விழவில்லை.

"கடைசி மூண்டு மாதத்திலை ரத்தம் போகாத நாள் எத்தினை?"

கைப்பையிலிருந்து கலண்டர் தாள்களை எடுத்து நீட்டினேன். பார்த்துவிட்டு, "இதைத்தான் நீங்கள் முதல் நாளே ஆருக்காவது காட்டியிருக்க வேணும்" என்றார்.

பயொப்சி முடிவில் கலங்கள் (உடலின் நுண்ணிய அலகுகள்) மாறத் தொடங்கியிருந்தன. புற்றுநோய்க்கு முந்திய நிலை, சிலவேளை அதற்குள் புற்றுநோயே ஒளித்திருக்கலாம், கர்ப்பப்பையை எடுக்க வேண்டும் என்றார். அறுவைச் சிகிச்சைக்காகக் காப்புறுதிக்கு மறுபடி எழுதினோம். அங்கிருந்து ஒரு கேள்வி வந்தது: முன்னைய பத்திரங்களில் இரைப்பை அழற்சி என்று இருக்கிறது, இப்போது கருப்பை என்கிறீர்கள், எது சரி? நோயாளி விளக்கம் எழுதித் தரவும்.

ஐந்து மாதமாக வாயால் சொல்லாததை இப்போது கையால் எழுத வேண்டும். அதுவும் கணவரின் அலுவலகத்தின் வழியாகப் போக வேண்டிய கடிதம். மூன்று தாள் கிழித்த பிறகு எழுதினேன்: "எனக்கு இருந்தது அளவுக்கு மீறிய மாதவிடாய்ப் போக்கு. வெட்கத்தில் வயிற்று வருத்தம் என்று சொன்னேன். வைத்தியர் நேரே கேட்டபோதும் மறைத்தேன்."

"நான் வாசிக்காமல் குடுக்கிறன்" என்றார் கணவர்.

"இல்லை. நீங்கள்தான் முதல் வாசிக்க வேணும்."

நின்றபடியே வாசித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அலுவலகம் போக நேரமாகியும் வாசலில் சும்மா நின்றார்.

பதில் வரவில்லை. ஒரு கிழமை, இரண்டு கிழமை. நாள்தோறும் "பரிசீலனையில் உள்ளது" என்றார்கள். எனக்குள் ஒன்று வளர்ந்துகொண்டிருக்க நான் ஒரு கடிதத்துக்காகக் காத்திருந்தேன். வீட்டில் நாலு சுவர், பாடசாலையில் ஒரு கதிரை, உடம்புக்குள் நிற்காத இரத்தம். எங்கே திரும்பினாலும் முட்டியது. அந்த நாட்களில் செத்துவிடுவேன் என்ற பயத்தைவிட, வாய் திறந்திருந்தால் தப்பியிருப்பேன் என்ற எண்ணம்தான் என்னைத் தின்றது.

விஓஜியே முடிவெடுத்தார். "கடுதாசியைப் பாத்துக்கொண்டு இருக்கேலாது. பகலிலை நான் அரசாங்க ஆஸ்பத்திரியிலைதான். அங்கை வாங்கோ, அதே கைதான் வெட்டும்." ஐப்பசியில் வெட்டினார். அனுமதிக் கடிதம் நான் வாட்டில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தபோது வந்தது. சிரித்தேன், தையல் இழுத்தது.

எடுத்த கர்ப்பப்பையைச் சோதித்த முடிவு பிறகு வந்தது. ஒரு சிறிய இடத்தில் புற்றுநோய் தொடங்கியிருந்தது. சுவரைத் தாண்டவில்லை. மேலதிக சிகிச்சை வேண்டாம், ஆனால் வருடக்கணக்கில் பரிசோதனைக்கு வர வேண்டும். "இன்னும் பிந்தியிருந்தா நான் வேறை கதை கதைச்சிருப்பன்" என்றார் விஓஜி.

வீட்டுக்கு வந்ததும் மாமிக்கு ஒரு சந்தேகம். "பிள்ளை பிறந்தால் முப்பத்தொரு நாள் துடக்கு. செத்தாலும் முப்பத்தொண்டு. கர்ப்பப்பை எடுத்தால் எத்தினை?" கோயில் ஐயரிடம் கேட்டாராம். உதுக்குச் சாத்திரத்திலை ஒண்டும் சொல்லேல்லை அம்மா என்று அவர் கைவிரித்துவிட்டார். மாமி தானே யோசித்து முப்பத்தொன்று என்று தீர்மானித்தார். பாரம் தூக்கக் கூடாத, குனியக் கூடாத எனக்கு அதோடு வாதாடவும் தெம்பில்லை. அறையில் கிடந்தேன்.

முப்பத்தோராம் நாள் எனக்குத் தலைக்கு வார்த்துவிட்டு, மாமி தீப்பெட்டியை என் கையில் தந்தார். "இனி உனக்குத் துடக்கே இல்லைப் பிள்ளை. எப்பவும் கொளுத்தலாம்." கொளுத்தினேன். பிறப்புக்கான முப்பத்தொன்றா, இறப்புக்கான முப்பத்தொன்றா என்று தெரியாமல் விளக்கின் முன்னால் நின்று அழுதேன்.

கலண்டரில் இப்போது புள்ளிகள் இல்லை. கிளினிக் நாட்களைச் சுற்றி வட்டம் மட்டும் இருக்கிறது. ஒரு வட்டத்திலிருந்து அடுத்த வட்டம்வரை வாழ்கிறேன். அடிவயிற்றைத் தொட்டால் வேறொருவரின் வயிறு போல இருக்கிறது. கதிரையிலிருந்து எழும்போது இன்றும் திரும்பிப் பார்க்கிறேன். இனி அங்கே எதுவும் இருக்காது என்று உடம்புக்கு யாரும் சொல்லவில்லை.

போன மாதம் பரிசோதனைக்கு நேரம் பதிய ஆசிரியர் அறையிலிருந்து தொலைபேசி எடுத்தேன். அதே பெண். கணித ஆசிரியர் எதிரே தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"ரீச்சரோ! திரும்பவும் வயித்து வருத்தமோ?"

"இல்லைப் பிள்ளை. எனக்கு மாதவிடாய் நிக்காமல் போனது. கர்ப்பப்பையிலை கான்சர். எடுத்தாச்சு. விஓஜியிட்டை நேரம் போடு."

கணித ஆசிரியர் கோப்பையை வைத்தார். மறுமுனையில் அவள் கதவைச் சாத்துவது கேட்டது. குரல் தணிந்திருந்தது.

"ரீச்சர்... எனக்கும் ஒரு மூண்டு மாதமாய் வயித்து வருத்தம்."

நான் அவளுக்கு நடத்தாமல் விட்ட அந்தப் பாடம் நினைவுக்கு வந்தது.

"எந்த வயித்து வருத்தம் பிள்ளை?" என்று கேட்டேன். "பேரைச் சொல்லு."