கப்பலூரில் கிடைத்த கடைசி வரி

போன மாசி மாதம் ஒரு வியாழக்கிழமை, எங்கள் மரகதம் மேடம் வகுப்பில் என் கட்டுரையை எடுத்து வாசிக்க ஆரம்பித்ததும் நான் பெஞ்சில் தலையைக் குனிந்துகொண்டேன். திட்டுவதற்காக வாசிக்கவில்லை. பாராட்டித்தான் வாசித்தார். என் கஷ்டமே அங்கேதான் ஆரம்பித்தது.

கருப்பனைக் கும்பிடுகிற எல்லோருக்கும் என் வணக்கம். என் பெயர் பவித்ரா. ஊர் திருமங்கலம். அப்பா ஆட்டோ ஓட்டுகிறார். அப்போது பசுமலையில் ஒரு கல்லூரியில் பி.ஏ. தமிழ் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் டிகிரி என்று ஒன்று வந்தால் அது என்னுடையதாகத்தான் இருக்கும். அதை நானே கெடுத்துக்கொள்ள இருந்தேன். கருப்பன் எப்படிக் காப்பாற்றினான் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அந்தப் பருவத்துக்கு எங்களுக்கு ஒரு டேர்ம் பேப்பர். எங்கள் கல்லூரி இருபது வருடத்துக்கு முன்னால் மாணவர்களின் கதை, கவிதைகளைச் சேர்த்து ஒரு தொகுப்பு போட்டிருக்கிறது. அதைப் பற்றி எழுத வேண்டும். அதில் எழுதியவர்களில் மூன்று பேரையாவது நேரில் பார்த்துப் பேசி, அதையும் சேர்க்க வேண்டும். நான் இரண்டு பேரைப் பிடித்துவிட்டேன். ஒருவர் பேங்கில் இருக்கிறார், இன்னொருவர் தலைமையாசிரியர். மூன்றாவதாக நான் தேடியது பாண்டியம்மாள் என்கிற ஒரு அக்காவை. ‘செ. பாண்டியம்மாள், இரண்டாம் ஆண்டு கணிதம்’ என்று மட்டும்தான் புத்தகத்தில் இருந்தது. அவர் எழுதியது ஐந்தே வரி.

கை காட்டினேன்.
பஸ் நிற்கவில்லை.
டிரைவர் என்னைப் பார்த்தார்.
அது போதும்.
நடக்கிறேன்.

புத்தகத்திலேயே எனக்குப் பிடித்தது அதுதான். ஆனால் தேடினேன் என்று சொன்னால் அது பொய். போனில் இரண்டு முறை பெயரைப் போட்டுப் பார்த்தேன், வரவில்லை. அதோடு விட்டுவிட்டேன். மறுநாள் கட்டுரை கொடுக்க வேண்டும். உட்கார்ந்து நானே ஒரு பாண்டியம்மாளை உண்டாக்கினேன். கோயம்புத்தூரில் கணக்கு டீச்சர், வீடு முழுக்கப் புத்தகம், விடியற்காலையில் எழுந்து எழுதுகிறார் என்றெல்லாம் அளந்தேன். ‘கவிதை எனக்கு மூச்சு’ என்று அவர் என்னிடம் சொன்னதாகவும் ஒரு போடு போட்டேன். எழுதும்போது எனக்கே புல்லரித்தது. வெட்கங்கெட்ட புல்லரிப்பு!

மேடத்துக்கு அந்த ‘மூச்சு’ வரி அவ்வளவு பிடித்துவிட்டது. அடுத்த வெள்ளிக்கிழமை துறையில் செமினார். அழைப்பிதழின் மேலேயே அதைப் போடச் சொல்லிவிட்டார்.

“ஏம்மா பவித்ரா, மூணு பேரையும் செமினாருக்குக் கூப்பிட்டுரு. முக்கியமா அந்தப் பாண்டியம்மாளு. கோயம்புத்தூருனா என்ன, அஞ்சு மணி நேரந்தானே!”

தலையை ஆட்டிவிட்டு வந்தேன். முன்பு ஒரு சீனியர் எங்கிருந்தோ பார்த்து எழுதினார் என்று அவருடைய பேப்பரையே ரத்து செய்து, அடுத்த வருடம் திரும்ப எழுத வைத்தார்கள். எனக்கும் அதுதான் நடக்கும். அப்பா ஆட்டோவில் ஏறுகிற ஆட்களிடமெல்லாம் “எம்பொண்ணு இந்த வருசம் முடிக்குது” என்று சொல்லிக்கொண்டிருந்தார். மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. இப்போதாவது அந்த அக்காவைத் தேடலாம் என்றால் யாரிடம் போய்க் கேட்பது? நான்தான் ஏற்கெனவே பார்த்துப் பேசிவிட்டேனே! கேட்டால் குட்டு உடைந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை அழகர்கோவிலில் சித்தி மகளுக்குக் காதுகுத்து. குடும்பமே வேன் பிடித்துப் போனோம். பிள்ளை அழுது ஓய்ந்த பிறகு எல்லோரும் பதினெட்டாம்படிக் கருப்பனைக் கும்பிட வந்தோம். கருப்பன்தான் எங்கள் குலதெய்வம். அங்கே சந்தனம் பூசிய பெரிய கதவைத்தான் கருப்பனாக நினைத்துக் கும்பிடுவோம். அந்தக் கதவு முன்னால் யாரும் பொய் சொல்ல மாட்டார்கள். ஊரில் தீராத வழக்கு என்றால் அங்கே வந்து சத்தியம் பண்ணச் சொல்வார்கள்.

“கேட்டுக்கடி. நல்ல மார்க்கு வேணும்னு கேளு. கருப்பன்கிட்ட கேட்டு இல்லேன்னு ஆனதில்ல” என்று அம்மா என்னை முன்னால் தள்ளிவிட்டார்.

நான் கேட்க வந்தது வேறு. ‘மேடத்துக்குத் தெரியாமல் பார்த்துக்கொள் கருப்பா.’ வேன் ஏறியதிலிருந்து மனதுக்குள் இதைத்தான் சொல்லிக்கொண்டு வந்தேன்.

பக்கத்தில் ஒரு கூட்டம் நின்றது. அண்ணன் தம்பி இரண்டு பேர், கூட ஊர்க்காரர்கள். வயலில் எல்லைக்கல்லை நகர்த்தியது யார் என்று தகராறு. கற்பூரம் ஏற்றி, தம்பியை வந்து சத்தியம் பண்ணச் சொன்னார்கள். அவர் விறுவிறு என்று முன்னால் போனார். கையைத் தூக்கினார். தூக்கிய கை அப்படியே நின்றது. பிறகு திரும்பி, “வேணாம்ண்ணே. கல்ல நகத்துனது நான்தான்” என்றார். அண்ணன்காரர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பொய்யே சொல்லக் கூடாத இடத்துக்கு வந்து, என் பொய்க்குக் காவல் இரு என்று அந்தச் சாமியையே கேட்கப் பார்த்தேனே! கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. ‘கருப்பா, நான் பொய் எழுதிவிட்டேன். மேடத்திடம் சொல்ல எனக்கு வாயைக் கொடு. அந்த அக்கா எங்கே இருந்தாலும் என் கண்ணில் காட்டு. சந்தனம் வாங்கிச் சாத்துகிறேன்’ என்று கேட்டேன். திரும்பி வரும்போது வேனில் ஆளுக்கொரு துண்டு கோயில் தோசை கொடுத்தார்கள். மூன்று நாள் கழித்து அன்றுதான் வாய்க்கு ருசியாக ஏதோ இறங்கியது.

திங்கட்கிழமை முதல் பீரியடுக்கு முன்பே மேடத்தின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். மேடம் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“அந்த வரிய நான் எம்புட்டுப் பேருகிட்டச் சொல்லியிருக்கேன் தெரியுமா?”

கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். குரல் உடைந்து கேட்டார். நான் அழுதுகொண்டே நின்றேன். மேடம் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டு, “வியாழக்கிழமை வரைக்கும் டைம் தாரேன். உண்மையான ஆளக் கண்டுபிடிச்சு எழுதிட்டு வா. மார்க்க எப்படியும் குறைப்பேன். ஆள் கிடைக்கலேன்னா பேப்பரே கிடையாது” என்றார்.

அறையை விட்டு வெளியே வந்ததும் ஒன்று புரிந்தது. இனி நான் யாரிடம் வேண்டுமானாலும் வாய்விட்டுக் கேட்கலாம். மறைக்க ஒன்றும் இல்லை. நேராகக் கணிதத் துறைக்குப் போனேன். அங்கே வேலை பார்க்கிற அண்ணன் ஒருவர் பழைய வருகைப் பதிவேட்டைத் தூசி தட்டி எடுத்துக் கொடுத்தார். பாண்டியம்மாள் பெயர் இருந்தது. இரண்டாம் வருடம் பாதியில் சிவப்பு மையால் அடித்திருந்தார்கள். பக்கத்தில் ஊர்: கப்பலூர்.

கப்பலூர்! திருமங்கலத்திலிருந்து பசுமலைக்கு நான் தினமும் போகிற வழி. மூன்று வருடமாகக் காலையும் மாலையும் அந்த ஊரைத் தாண்டித்தான் போய் வருகிறேன். நான் அவரைக் கோயம்புத்தூருக்கு அனுப்பி வைத்திருந்தேன்.

அன்று மாலையிலிருந்து பஸ்ஸில் வெட்கப்படாமல் கேட்க ஆரம்பித்தேன். கண்டக்டரிடம் கேட்டேன், பூக்கூடை வைத்திருந்த அம்மாவிடம் கேட்டேன். புதன்கிழமை மாலை, கம்பெனிக்கு வேலைக்குப் போகிற ஒரு அக்கா, “படிச்ச பாண்டியம்மாவா? எங்க பேக்கிங் செக்சன்லதான் இருக்கு. ஆறு மணிக்கு வெளிய வரும், வா” என்று என்னைக் கூட்டிக்கொண்டு இறங்கினார்.

தொழிற்பேட்டைக்குள்ளே பாட்டில் மூடி செய்கிற ஒரு சின்னக் கம்பெனி. கேட்டில் நின்றேன். நீல நிற ஓவர்கோட்டை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு அவர் வந்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். அவருக்குப் பிடிபடவில்லை.

“நானா? புக்குலயா?”

புத்தகத்தை விரித்துக் காட்டினேன். வாங்குவதற்கு முன்னால் கையைச் சேலையில் இரண்டு முறை துடைத்துக்கொண்டார்.

“இது அச்சுல வந்துச்சா பாப்பா? எழுதிக் குடுத்த மறு வாரமே எங்கப்பாவுக்குக் கால் முறிஞ்சிருச்சு. அதோட காலேசுக்குப் போகல. இது வந்ததே எனக்குத் தெரியாது.”

தன் பெயரின் மேல் விரலை வைத்துக்கொண்டு வாசித்தார். உதடு மட்டும் அசைந்தது. முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

“கடைசி வரிய விட்டுட்டாங்களே?”

“வரியா? என்ன வரிக்கா?”

இருபது வருடம் கழித்துக் கேட்கிறேன். அவர் யோசிக்கவே இல்லை.

“நாளைக்கும் கை காட்டுவேன்.”

என் கட்டுரையில் அந்தக் கவிதை விரக்தியில் முடிகிறது என்று முழுசாக ஒரு பக்கம் எழுதியிருந்தேன். அந்தக் கேட்டிலேயே நின்று அழுதேன். அவருக்கு ஒன்றும் புரியாமல் என் முதுகைத் தட்டிக் கொடுத்தார். இப்போதும் கவிதை எழுதுகிறீர்களா என்று கேட்டதற்குச் சிரித்தார். “மூச்சு விட நேரம் கிடைச்சாப் போதாதா?” என்றார். அதை அப்படியே, ஒரு எழுத்து மாற்றாமல் கட்டுரையில் எழுதினேன்.

வெள்ளிக்கிழமை அரை நாள் பெர்மிஷன் போட்டுவிட்டுப் பாண்டியம்மாள் அக்கா செமினாருக்கு வந்தார். மேடையில் ஆறு வரியையும் வாசித்தார். ஆறாவது வரிக்கு வகுப்பே எழுந்து நின்று கை தட்டியது. மேடம் லைப்ரரிப் புத்தகத்தை எடுத்து, அந்தப் பக்கத்தில் விட்டுப்போன வரியைத் தன் கையால் எழுதினார். எனக்கு மார்க் குறைந்தது. குறைய வேண்டியதுதான். ஆனால் பாஸ். அப்பா இப்போது ஆட்டோவில், “எம்பொண்ணு முடிச்சிருச்சு” என்று சொல்கிறார்.

நேர்ந்துகொண்டபடி சந்தனம் சாத்தப் போனபோது அக்காவையும் கூட்டிக்கொண்டு போனேன். கருப்பா, நான் கேட்க வந்ததை நீ கொடுத்திருந்தால் என் பொய் பிழைத்திருக்கும். இந்த அக்கா தன் பெயரை அச்சில் பார்க்காமலே இருந்திருப்பார். நான் கேட்க வந்ததை மாற்றிக் கேட்க வைத்தாயே, உனக்குக் கோடி நன்றி. அன்றிலிருந்து பார்க்காததைப் பார்த்தேன் என்று நான் ஒரு வரி எழுதியதில்லை. எழுதவும் மாட்டேன்.

இதை வாசிக்கிற உங்களுக்கும் ஏதோ ஒரு கஷ்டம் இருக்கும். எதையாவது மறைத்து வைத்திருந்தால் அதைக் கொண்டுபோய் அந்தக் கதவு முன்னால் இறக்கி வைத்துவிட்டுக் கேளுங்கள். உடனே கிடைக்கவில்லை என்றால் மனதைத் தளரவிடாதீர்கள். பாண்டியம்மாள் அக்கா இரண்டாம் வருடம் படிக்கும்போதே எழுதி வைத்திருக்கிறார். நாளைக்கும் கை காட்டுங்கள்.