ஒரு நாள் பின்தங்கிய ஃபேக்ஸ்

போன வியாழக்கிழமை, காலை பதினொன்றேகால் மணிக்கு, ஓசூர் பாகலூர் சாலையில் ஒரு டி.டி.பி. சென்டரில் உட்கார்ந்து ஒரு தவறைத் திருத்தினேன். திருத்தாமலே இருந்திருக்கலாம்.

முதலில் சண்முகவேலைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோவில்பட்டிக்காரர். தொழிற்சாலை வேலைக்கு வந்து, என்னோடு பதினோரு வருடம் ஒரே அறையில் இருந்தார். இரண்டு பேருமே கல்யாணம் ஆகாதவர்கள். பிறகு மஸ்கட் போனார். அங்கிருந்து பஸ் ஸ்டாண்ட் எஸ்.டி.டி. பூத்துக்கு எனக்கு ஃபேக்ஸ் அனுப்புவார். ஒன்பது வந்தன – ஒவ்வொன்றும் ஒரு பக்கக் கடிதம். அப்புறம் நின்றுவிட்டது. ஏன்? தெரியாது. நான் அனுப்புவதும் போய்ச் சேருவதில்லை.

ஃபேக்ஸ் தாளின் குணம் உங்களுக்குத் தெரியும். எழுத்து மெல்ல மெல்ல மங்கி, கடைசியில் வெறும் வெள்ளைத் தாள். அதற்குள் முந்திக்கொண்டு, போன கோடையில் ஒன்பதையும் ஸ்கேன் செய்து, ஒரே ஃபைலாக ஃப்ளாப்பியில் போட்டுக் கொடுத்தாள் மஞ்சுளா. சென்டரின் ஆபரேட்டர். பேரிகையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிற கன்னடக்காரி.

அதோடு விட்டேனா?

முதல் பக்கத்தின் உச்சியில் மெஷின் தானாகவே அடித்திருந்த தேதி ஒரு நாள் பின்தங்கியிருந்தது. என் டைரிப்படி அது வந்தது பதிமூன்றாம் தேதி. அங்கேயோ பன்னிரண்டு. முப்பது வருடமாக டைரி எழுதுகிறவன் இதை எப்படிப் பொறுப்பேன்?

மஞ்சுளா ஒரு கல்யாணப் பத்திரிகையில் மும்முரமாக இருந்தாள். பக்கத்துக் கம்ப்யூட்டரில் ஃப்ளாப்பியைப் போட்டு, படங்களைத் திருத்தும் சாஃப்ட்வேரில் ஃபைலை நானே திறந்தேன். முதல் பக்கம் வந்தது. 'அண்ணாச்சி, வந்து சேந்துட்டேன். ரூம்ல ஆறு பேரு. ஒங்க கொறட்டச் சத்தம் இல்லாம தூக்கமே வரமாட்டேங்கு.' சிரித்துக்கொண்டே 2ஐ அழித்து 3 போட்டேன். சேவ் செய்தேன்.

"மஞ்சுளாம்மா, அடுத்த பக்கத்துக்கு எப்படிப் போறது?"

எழுந்து வந்து ஃபைலின் அளவைப் பார்த்தாள்.

"அய்யோ தேவ்ரே! சேவ் குடுத்துட்டீங்களா சார்? இது மொதப் பக்கத்த மட்டுந்தான் தொறக்கும். அத அதே பேர்ல சேவ் பண்ணா அந்த ஒரு பக்கந்தான் நிக்கும். மத்த எட்டும் போயிருச்சு!"

"உன் கம்ப்யூட்டர்ல காப்பி...?"

"டிஸ்க் நெறஞ்சிருச்சுன்னு போன மாசந்தான் அழிச்சேன். தாளு வெச்சிருப்பீங்கல்ல?"

வைத்திருக்கிறேன். வெள்ளை வெளேரென்று.

"ஒரு தேதிக்காகவா சார்? ஒரு நாளு முன்ன பின்ன இருந்தா யாரு கேக்கப் போறாங்க?"

யார் கேட்கப் போகிறார்கள்! கேட்கக்கூடிய ஒரே ஆள் மஸ்கட்டில் இருக்கிறார் – அல்லது இல்லை. தனியாக இருக்கிறவர்களுக்கு இந்த வியாதி உண்டு. பேச ஆள் இல்லாவிட்டால் எதையாவது சரி செய்துகொண்டே இருப்போம். நேராகத் தொங்கும் காலண்டரைக்கூட நேராக்குவோம்...

மஞ்சுளா என் முகத்தைப் பார்த்தாள். கல்யாணப் பத்திரிகையை மூடிவிட்டு, புதுப் பக்கம் ஒன்றைத் திறந்தாள்.

"எத்தன வாட்டி படிச்சிருப்பீங்க, மனப்பாடமாவே இருக்கும். சொல்லுங்க சார், நான் அடிக்கறேன்."

சொன்னேன். எட்டு ஃபேக்ஸும் வந்த தேதி, கிழமை, மணி – ஒன்றில்கூடத் தடுமாறவில்லை. எல்லாவற்றையும் வரிசையாக அடித்துவிட்டு, கீபோர்டிலிருந்து கையை எடுக்காமல் திரும்பினாள்.

"ஆச்சு சார். அதுல என்ன எழுதியிருந்தாரு?"

யோசித்துக்கொண்டிருக்கிறேன்.